பிடுங்கப்பட்ட சொம்பு

கார்த்திகை தீபம் நெருங்கினால் எங்கள் ஆயாவுக்குத் தன் அண்ணன் நினைவு வந்துவிடும். திருவண்ணாமலை கொள்ளாத கூட்டம் வந்து வடிந்த ஒரு வாரத்தில் அவருக்கு வாந்திபேதி கண்டது. பதினாறு வயசு. "தண்ணி, தண்ணின்னு கேட்டுக்கினே கெடந்தான். குடுத்தா இன்னும் போவும்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. நான் சொம்ப எடுத்துக்கினு ஓடுனேன். புடுங்கிட்டாங்க." விடிவதற்குள் அவர் போய்விட்டார். எண்பது வயதில் இதைச் சொல்லும்போதும் ஆயாவின் விரல்கள் அந்தச் சொம்பைப் பிடித்திருப்பதுபோல மடங்கியே இருக்கும்.

அந்தப் பெரியவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. குடித்த தண்ணீர் குடித்த வேகத்தில் வெளியே வருவதைக் கண்ணால் பார்த்தவர்கள். அப்படியானால் யார் சொன்னது சரி, அவர்களா, சொம்போடு ஓடிய சிறுமியா? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க இருநூறு வருஷத்துக்கு மேல் ஆனது.

1748ல் பிரான்ஸில் நோலே என்ற பாதிரியார் ஒரு பாத்திரம் நிறையச் சாராயம் ஊற்றி, வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் இறுக்கிக் கட்டி, தண்ணீருக்குள் வைத்தார். பை உப்பிப் புடைத்தது. சாராயம் வெளியே போவதைவிடத் தண்ணீர்தான் வேகமாக உள்ளே போயிருந்தது. 1820களில் துத்ரோஷே என்பவர், செடிகளிலும் விலங்குகளிலும் நடப்பது இதுதான் என்று காட்டினார். பிறகு வான்ட் ஹாஃப் இந்த அழுத்தத்தைக் கணக்குக்குள் கொண்டுவந்தார். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு, 1901ல், அவருக்குத்தான் போனது.

நம் பள்ளிப் புத்தகம் இதைச் 'சவ்வூடு பரவல்' என்கிறது. பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்து எழுதி மறந்திருப்போம். ஆனால் அடுப்படியில் தினமும் நடப்பதுதான். நறுக்கிய வெங்காயத்தில் உப்பைப் பிசறினால் தண்ணீர் விடும். பாயசத்தில் போட்ட உலர்ந்த திராட்சை உப்பிவிடும். செல்லின் சவ்வு தண்ணீரைச் சுலபமாக விடும், உப்பை அப்படி விடாது. எந்தப் பக்கம் கரைசல் அடர்த்தியோ அந்தப் பக்கம் தண்ணீர் போகும். ரத்தத்தின் சிவப்பணுவை வெறும் தண்ணீரில் போட்டால் உப்பி வெடிக்கும், கெட்டியான உப்புநீரில் போட்டால் சுருங்கும். உயிர் என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஒரு சமநிலை.

காலரா குலைப்பது அந்தச் சமநிலையைத்தான்.

1817ல் வங்காளத்தில் கிளம்பிய காலரா உலகம் முழுக்கப் பரவியது. நம் நாட்டில் அது கூட்டத்தோடு நடந்தது: திருவிழா, சந்தை, பஞ்சம். கோயில் ஊர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே குளத்தில் குளித்து, அதையே குடித்த காலம். 1832லேயே ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா என்ற டாக்டர் நோயாளிகளின் நரம்பில் உப்புநீர் ஏற்றிச் சிலரைப் பிழைக்க வைத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லியோனார்ட் ராஜர்ஸ் கெட்டியான உப்புநீர் ஏற்றிச் சாவுகளைப் பெருமளவு குறைத்தார். ஆனால் அதற்கு ஊசி வேண்டும், கொதிக்கவைத்துச் சுத்தம் செய்த நீர் வேண்டும், டாக்டர் வேண்டும். எங்கள் தெருவில் சொம்பு மட்டும்தான் இருந்தது.

காலரா குடலின் உள்தோலையே உரித்துவிடுகிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். உரிந்த குடலுக்கு வாய்வழியே என்ன கொடுத்து என்ன பயன்? 1959ல் கல்கத்தாவின் சம்புநாத் டே, கிருமி வெளிவிடும் நஞ்சுதான் காரணம் என்று காட்டினார். குடல்தோல் உரிவதில்லை என்பதும் அந்தச் சமயத்தில் தெளிவானது. நஞ்சு, குடல் செல்லில் உப்பு வெளியேறும் கதவைத் திறந்து வைத்துவிடுகிறது. குடலுக்குள் உப்பு கொட்டுகிறது. அதன் பின்னாலேயே சவ்வூடு பரவலால் உடம்பின் தண்ணீர் போகிறது. கடும் நோயில் மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போகும்.

இன்னொரு கதவும் இருந்தது. 1960ல் ராபர்ட் கிரேன், குளுக்கோஸ் குடல் செல்லுக்குள் போகும்போது சோடியத்தையும் கையைப் பிடித்து அழைத்துப் போகிறது என்றார். இந்தக் கதவைக் காலரா தொடுவதில்லை. சர்க்கரையோடு உப்பு உள்ளே போனால், தண்ணீரும் பின்னாலேயே உள்ளே போகும்.

இதன் விளக்கம் வருவதற்கு முன்பே கல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி, உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து நோயாளிகளைத் தேற்றியிருந்தார். வாந்தியை நிறுத்த அவர் பயன்படுத்தியவற்றில் நம் கற்பூரவல்லிச் சாறும் ஒன்று. 1953ல் 'லான்செட்' இதழில் அது வெளிவந்தும் உலகம் கண்டுகொள்ளவில்லை. 1968ல் டாக்காவில் நாலினும் கேஷும் முறையாகச் சோதித்து நிரூபித்தார்கள். 1971ல் வங்கதேச அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீரும் நிலை வந்தது. டாக்டர் திலீப் மகலனோபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் பொட்டலம் கட்டி, நீரில் கரைத்து, உறவினர்களையே ஊட்டச் சொன்னார். முப்பது சதவீதம் வரை இருந்த சாவு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

சர்க்கரை கூடினாலும் ஆபத்துதான். கரைசல் ரத்தத்தைவிட அடர்த்தியானால் தண்ணீர் திரும்பவும் குடலுக்குள் வந்துவிடும். அதனால்தான் 2002ல் உலக சுகாதார நிறுவனம் பொட்டலத்தின் அளவைக் குறைத்தது. இப்போது ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், கூடவே கொஞ்சம் பொட்டாசியமும் சிட்ரேட்டும். பக்கத்திலிருக்கும் வேலூர் சி.எம்.சி.யில் ராமகிருஷ்ணா குழுவினர், எளிதில் செரிக்காத மாவுப்பொருளை இந்தக் கரைசலோடு சேர்த்தால் காலராக்காரர்களின் கழிச்சல் குறைகிறது என்று 2000ல் வெளியிட்டார்கள். அந்த மாவு பெருங்குடல் வரை போய் அங்கே புளித்து, உப்பையும் நீரையும் உறிஞ்ச உதவுகிறது.

சரி, அந்தக் கேள்விக்கு வருவோம். வெறும் தண்ணீர் மட்டும் ஆயாவின் அண்ணனைக் காப்பாற்றியிருக்குமா? சந்தேகம்தான். போன உப்பை அது திருப்பித் தராது. அந்த அளவுக்குப் பெரியவர்கள் கண்டது பொய்யில்லை. ஆனால் கொடுக்கக் கூடாது என்ற முடிவு தவறு. சொம்பு சரி. அதில் உப்பும் சரக்கரையும்தான் இல்லை. இரண்டும் அதே வீட்டு அடுப்படியில் இருந்தன.

சின்ன வயதில் எனக்குப் பேதி கண்டபோது ஆஸ்பத்திரியில் ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டியது ஆயாதான். இதில் என்ன இருக்கிறது என்று நர்ஸம்மாவைக் கேட்டாள்.

"உப்பும் சக்கரையும்தான் பாட்டி."

"அவ்ளோதானா?" என்றாள் ஆயா. அன்று ராத்திரி முழுக்க அவள் அந்தச் சொம்பைக் கீழே வைக்கவில்லை.