சில்லி இறால்

சில்லி இறால் என்பது உரித்த இறாலைச் சோள மாவில் பிரட்டிப் பொரித்து, பூண்டு, பச்சை மிளகாய், குடைமிளகாய், சோயா சாஸ் சேர்த்துப் பெருந்தீயில் புரட்டி இறக்கும் உணவு. ஃபாஸ்ட் ஃபுட் கடைகளின் விலைப்பலகையில் சைனீஸ் வகையாக எழுதப்பட்டாலும் பிறப்பால் இந்திய உணவே.

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துகீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்தது; அதுவரை தமிழ்நாட்டில் காரம் என்றால் மிளகுதான். சீனாவில் காவோ லியன் 1591இல் எழுதிய நூலில் மிளகாய்ச் செடி குறிக்கப்படுகிறது. உப்புக்குத் தட்டுப்பாடு இருந்த குவெய்சோ மாகாணத்தில் அது சமையலில் புகுந்து, பின்னர் சிச்சுவானிலும் ஹூனானிலும் வேரூன்றியது. இந்தியாவுக்கு வந்த சீனரில் பெரும்பாலோர் அப்பகுதியினர் அல்லர். காரம் அதிகம் சேர்க்காத குவாங்டாங் பகுதி ஹக்கா, கான்டன் மக்கள்.

இவர்களின் முன்னோடி டாங் அச்சியூ. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் பெற்று, கல்கத்தாவுக்குத் தெற்கே ஹூக்ளிக் கரையில் சர்க்கரை ஆலை அமைத்தார். அவர் பெயரால் அவ்வூர் இன்றும் அச்சிபூர் எனப்படுகிறது. பின்னர் வந்த ஹக்காக்கள் கல்கத்தாவின் டாங்ராவில் தோல் பதனிட்டனர். 1962 இந்திய-சீனப் போரின்போது இந்தியச் சீனர் பலர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டது வெட்கத்துக்குரிய அத்தியாயம். 1996இல் தோல் கூடங்களை இடம் மாற்றும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபின் டாங்ராவில் உணவகத் தொழிலே முன்னுக்கு வந்தது. உள்ளூர் நாக்குக்காக இச்சமூகத்தார் பச்சை மிளகாயைத் தாராளமாகச் சேர்த்ததில் விளைந்தது சில்லி சிக்கன். சில்லி இறால் அதன் கிளை. கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் 1975இல் பம்பாயில் உருவாக்கிய மஞ்சூரியன் இதற்கு நெருங்கிய உறவு.

இனி இறால். மதுரையை அடுத்த யானைமலை அடிவாரத்து ஒத்தக்கடைக்குக் கடல் ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவு. கிழக்குக் கடற்கரை இறால் ஐஸ் பெட்டியில்தான் வந்தாக வேண்டும். கடலில் பிடித்த வெள்ளை இறாலே சுவையில் மேல். 2009இல் அனுமதி பெற்றபின் பண்ணைகளை நிறைத்துவிட்ட வன்னமெய் இறால், மிளகாயைப் போலவே அமெரிக்கக் கண்டத்து வரவு.

வீட்டில் செய்ய, கால் கிலோ உரித்த இறாலின் முதுகைக் கீறிக் கருங்குடலை நீக்கி, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். சிறிது உப்பு, மிளகுத்தூள், ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, 2 மேசைக்கரண்டி சோள மாவு சேர்த்துப் பிசறிக் கால் மணி நேரம் வைக்கலாம். மதுரைப் பக்க வழக்கப்படி மஞ்சள் தூளும் இஞ்சி பூண்டு விழுதும் போட்டால் இறால் தொக்கின் வாசம் வந்துவிடும். வீட்டு அடுப்புக்குக் கடை அடுப்பின் வேகம் கிடையாது. மொத்தமாகக் கொட்டினால் எண்ணெய் ஆறி, இறால் தண்ணீர் விட்டு அவிந்துபோகும். இரண்டு ஈடாகப் பொரிப்பதே முறை. இரண்டு நிமிடம் போதும்; இறுகச் சுருண்டால் ரப்பர்தான். பிறகு, நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டியில் பொடியாக நறுக்கிய பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய், சதுரமாக வெட்டிய வெங்காயம், குடைமிளகாய் ஆகியவற்றை ஒரு நிமிடம் வதக்கி, சோயா சாஸ், சில்லி சாஸ், சில சொட்டு வினிகர், கரைத்த சோள மாவு சேர்த்து, கொதித்ததும் இறாலைப் போட்டுப் புரட்டி வெங்காயத்தாள் தூவ வேண்டும். சோயா சாஸிலேயே உப்பு உண்டு. நிறத்துக்குக் காஷ்மீரி மிளகாய்த்தூள் போதும், கலர்ப்பொடி வேண்டாம்.

தற்போது மதுரை வட்டாரத்துச் சாலையோரக் கடைகளில் சில்லி சிக்கனே அதிகம் விற்கிறது. இறாலுக்கு விலை கூடுதல்.