பயனற்ற உறுப்பும் வறியோர் உடலும்: தைமசுச் சுரப்பியின் வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

மனித உடலிற் பயனற்ற உறுப்புகள் பல உள்ளன என்ற கருத்து 19ஆம் நூற்றாண்டு உயிரியலோடு வலுப்பெற்றதாகும். டார்வின் 1871இல் வெளியிட்ட நூலில் குடல்வளரி, காதை அசைக்கும் தசைகள் முதலியவற்றை மூதாதை விலங்குகளின் எச்சங்களாகக் காட்டினார். 1893இல் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் வீடர்ஷைம் தொகுத்த பட்டியலில் இத்தகையவை 86 இடம்பெற்றன. கூர்ப்புக் கொள்கைக்கு எச்சவுறுப்புகள் தரும் சான்று இன்றும் வலுவிழக்கவில்லை. ஆயினும், 'எச்சம்' என்பது மரபுவழி பற்றிய கூற்று. 'பயனற்றது' என்பது தொழிற்பாடு பற்றிய தீர்ப்பு. இவ்விரண்டும் ஒன்றாகக் கொள்ளப்பட்டமையே இடர்ப்பாடு. எச்சமே அல்லாத உறுப்புகளும் இத்தீர்ப்புக்கு உள்ளாயின.

மார்பெலும்பின் பின்னேயுள்ள தைமசுச் சுரப்பி இவ்வகையில் மனங்கொள்ளத்தக்கது. குழந்தைப் பருவத்தில் பெரிதாயிருந்து, பருவமெய்திய பின் அது சுருங்குகின்றது. பட்டினியும் நீடித்த நோயும் குழந்தைகளிலேயே அதனைச் சுருக்கிவிடும். உடற்கூற்றியலாளர் அறுத்துப் பார்த்த உடல்கள் யாருடையவை? பிரித்தானியாவில் 1832ஆம் ஆண்டுச் சட்டம், உரிமைகோருவாரற்ற உடல்களை வறியோர் விடுதிகளிலிருந்து அறுவைக்கூடங்களுக்கு வழங்க வழிசெய்தது. அதற்கு முன்னரும் கொலைக்குற்றத்திற்காகத் தூக்கிலிடப்பட்டோரும் புதைகுழிகளிலிருந்து களவாடப்பட்ட ஏழைகளுமே அங்கு கிடத்தப்பட்டனர். பசியாலும் பிணியாலும் சுருங்கிய சுரப்பியே இவ்வாறு இயல்பான அளவாயிற்று. வர்க்கச் சமுதாயம் தன் வறுமையை உடற்கூற்று நூலில் இயற்கையாக எழுதிவைத்தது என்பது மிகைக்கூற்றன்று.

இதன் விளைவு கொடியது. நன்கு ஊட்டம் பெற்ற குழந்தைகள் உறக்கத்திற் திடீரென இறந்தபோது, அவர்களது சுரப்பி 'பருத்திருப்பதாக'த் தோன்றிற்று. மூச்சுக்குழலை அதுவே நெரித்ததென்று கருதப்பட்டது. 1889இல் வியன்னாவில் பால்டவுஃப் இந்நிலையை ஒரு நோயாக வகுத்துப் பெயரிட்டார். (இல்லாத நோய்க்கும் இலத்தீனிற் பெயர் கிடைத்தது!) அமெரிக்காவில் 1907இல் எக்ஸ் கதிரால் அதனைச் சுருக்கும் சிகிச்சை தொடங்கிற்று. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆயிரக்கணக்கான குழந்தைகள் இச்சிகிச்சைக்கு உட்படுத்தப்பட்டனர். வறியோரின் உடலளவைக் கொண்டு, மருத்துவ வசதி கிட்டிய குழந்தைகளுக்குத் தீங்கிழைத்த முரண் இது. அருகிலிருந்த தைரொயிட் சுரப்பியும் கதிரேற்றது. 1950இல் டஃபி, ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆகியோர், தைரொயிட் புற்றுநோயுற்ற சிறுவர் பலர் முன்னர் இக்கதிர்ச் சிகிச்சை பெற்றிருந்தமையை எடுத்துக்காட்டினர்.

1961இல் ஜாக் மில்லர் இலண்டனிற் செய்த ஆய்விலேயே அச்சுரப்பியின் தொழிற்பாடு தெளிவாயிற்று. பிறந்தவுடன் அது நீக்கப்பட்ட சுண்டெலிகள் நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றி, பல இளமையிலேயே மடிந்தன.