மரக்காணத்தில் மைனஸ் 40

கத்திரி வெயிலில், மரக்காணம் உப்பளத்துக்குப் பக்கத்தில் நிற்கும் காரில் ஸ்கேனரைச் செருகுகிறார் மெக்கானிக். என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரின் (கூலன்ட்) வெப்பம் மைனஸ் 40 டிகிரி என்கிறது திரை. கூடவே பி0118 என்று ஒரு பழுதுக் கோடு (code). சைபீரியாவில் வரவேண்டிய எண் இங்கே வந்த கதை கொஞ்சம் நீளம்.

இந்தக் கோடுகள் பிறந்த ஊர் கலிபோர்னியா. லாஸ் ஏஞ்சல்ஸ்காரர்களின் கண்ணை எரியவைத்த புகைமூட்டத்துக்குக் கார்களும் காரணம் என்று 1950களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி காட்டினார். பிறகு புகையைக் குறைக்கும் கருவிகள் வந்தன. அவை ஓடுகிற வண்டியில் கெட்டுப்போனால் யாருக்குத் தெரியும்? வண்டியே சொல்லட்டும் என்றது அந்த மாநிலக் காற்று வாரியம். 1988 மாடலிலிருந்து அது கட்டாயமானது. ஆனால் ஒரு கம்பெனியின் கோடு இன்னொரு கம்பெனி மெக்கானிக்குக்குப் புரியாது. 1996இல் அமெரிக்கா முழுக்க, வண்டி தன்னையே சோதிக்கும் ஓபிடி-2 முறை வந்து, 16 பின் சாக்கெட்டையும் எண் வரிசையையும் பொதுவாக்கியது. பி என்றால் என்ஜின், கியர் பக்கம். அடுத்த 0 எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு என்பதற்கு. 1 என்றால் எரிபொருளும் காற்றும். கடைசி 18, கூலன்ட் சென்சார் லைனில் வோல்டேஜ் அளவுக்கு மேல் என்று பொருள்.

அம்பாசிடர் காலத்து மெக்கானிக் காதாலும் மூக்காலுமே பழுதைப் பிடித்தார். பாரத் ஸ்டேஜ் 4 புகை விதிகளோடு 2010இல் கோடு இந்தியாவில் கட்டாயமாக நுழைந்தது. 2013இல் ஓபிடி-2 ஆனது. இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈசிஆர் ஓரத்துத் தகரக் கொட்டகையில்கூட ப்ளூடூத் ஸ்கேனர் கிடக்கிறது.

அந்த மைனஸ் 40க்கு வருவோம். கூலன்ட் சென்சார் சூடானால் அதன் மின்தடை குறையும், குளிர்ந்தால் கூடும். என்ஜினின் கணினியான ஈசியூ 5 வோல்ட் அனுப்பி, லைனில் நிற்கும் வோல்டேஜை வைத்துச் சூட்டைக் கணக்கிடுகிறது. ஒயர் அறுந்தால் மின்தடை எல்லையில்லாமல் ஏறி, 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். ஈசியூவுக்கு அது கடுங்குளிர். ஓபிடி அளவுகோலில் இந்த வெப்பத்துக்கான ஆகக் குறைந்த எண்ணே மைனஸ் 40தான். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். எதற்கும் இருக்கட்டும் என்று பல வண்டிகள் ரேடியேட்டர் ஃபேனை நிறுத்தாமல் ஓட்டும்.

கோடு சொன்னது அவ்வளவுதான்: வோல்டேஜ் அதிகம். சென்சார் செத்துவிட்டது என்று அது சொல்லவே இல்லை. இந்தக் கரையில் நான் முதலில் சந்தேகப்படுவது சென்சாரையும் ஒயரையும் இணைக்கும் கப்ளரைத்தான். ரப்பர் சீல் வெடித்த கப்ளரைக் கழற்றிப் பாருங்கள்: பின்னைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். உப்புக்காற்றின் ஈரம் செம்பைத் தின்ற தடம் அது. ஆரோவில் மேட்டுச் செம்மண் புழுதியும் சேர்ந்தால் அந்த ஈரம் லேசில் காயாது. களிம்பு பாதி வழியை மட்டும் அடைத்தால் கோடே வராமல் போகலாம். என்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நம்பி ஈசியூ பெட்ரோலை அதிகம் ஊற்றும். மைலேஜ் போச்சு என்று உரிமையாளர் புலம்பிக்கொண்டிருப்பார்.

ஒரு சின்னச் சோதனை போதும். இரண்டு பின் உள்ள கூலன்ட் சென்சாரின் கப்ளரைக் கழற்றி, ஒயர் பக்கத்து முனைகள் இரண்டையும் துண்டுக் கம்பியால் இணைக்க வேண்டும். திரையில் மைனஸ் 40 சட்டென்று நூறு டிகிரிக்கு மேல் தாவினால் ஒயரும் ஈசியூவும் நலம். பழுது சென்சாரிலோ பின்னிலோ. அசையவில்லையென்றால் ஒயரைத் தொடர்ந்து போகவேண்டும். இதைச் செய்யாமல் புது சென்சார் மாட்டி, கோடை எரேஸ் செய்து அனுப்பினால், புதுப் பின்னிலும் களிம்பு ஏறிய பிறகு அதே பி0118 திரும்பி வரும்.

ஆகவே, ஈசிஆரில் வண்டி ஓட்டுகிறவர்களே, ஸ்கேனரில் கோடு வந்ததும் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். சென்சாருக்குக் காசு கொடுக்கும் முன் கப்ளரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.