பிரேக் இல்லாத சைக்கிள்

2017 பிப்ரவரி 18, விடியற்காலை மூன்று மணி வாக்கில், ஜோகூர் பாருவின் ஜாலான் லிங்காரான் டாலாமில் கார் மோதி எட்டுப் பையன்கள் இறந்தார்கள். எல்லாரும் பதின்ம வயது. ஓட்டியது பிரேக் கழற்றிய சைக்கிள், 'பாசிக்கால் லாஜாக்'.

காரோட்டிய பெண்மீது சாலைப் போக்குவரத்துச் சட்டம் 41(1) பிரிவில் வழக்கு. 2021இல் மாஜிஸ்திரேட் கோர்ட் விடுவித்தது. 2022இல் உயர் நீதிமன்றம் ஆறாண்டு சிறை என்றது. 2023இல் மேல்முறையீட்டில் விடுதலை. போலீஸ் லாஜாக் சைக்கிள்களைப் பறிமுதல் செய்தது.

அத்தனை வருஷமும் நாம கேட்டது, தப்பு பையனுங்க மேலயா, டிரைவர் மேலயா? நானும் அதுக்குத்தான் நண்பர்களோட சண்டை போட்டேன். இருட்டு, மேடு, வளைவு எல்லாம் வழக்கிலேயே வந்தன. ஆனால் அந்தப் பிரிவு விசாரிப்பது ஓட்டியவரை; சாலையை அல்ல. இன்ஜினியரான எனக்கே இது உறைக்க நாளாச்சு.

வேலை முடிஞ்சு சைக்கிளில் வீடு திரும்புறப்போ, பின்னால் வரும் கார் வெளிச்சத்தில் என் நிழல் நீளும். மிதிப்பதை நிறுத்தி ஓரம் கட்டிவிடுவேன்.