மண்ணீரலில் விதைத்த கல்லீரல்

பயம் வந்தால் நமக்கு ஈரக்குலை நடுங்கும். பிள்ளைக்கு ஒன்று என்றால் தாய் “ஈரக்கொலையே அறுந்துபோச்சு” என்பாள். உயிர் குடியிருக்கும் இடம் ஈரல் என்று நினைத்த மொழி இது. ஆனால் இன்றைக்கு ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று வந்தால் யாருக்கும் எதுவும் நடுங்குவதில்லை. “அது எல்லாருக்கும் இருக்கிறதுதானே” என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. 1980இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் யூர்கன் லுட்விக் என்ற மருத்துவர், குடிப்பழக்கத்தைக் காரணமாகச் சொல்ல முடியாத 20 பேரின் ஈரலில், குடிகாரர்களின் ஈரலில் காணும் அதே கொழுப்பையும் அழற்சியையும் பார்த்து அதற்கு ஒரு பெயர் வைத்தார். 2009இல் டாக்டர் வி. மோகன் குழு வெளியிட்ட சென்னை ஆய்வில் 32 சதவீதம் பேருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தது. பலருக்கு அது கொழுப்போடு நின்றுவிடும். சிலருக்கு அழற்சி, தழும்பு, சிரோசிஸ் என்று நகரும். அந்தச் சிலரை நோக்கித்தான் ஒரு வாக்குறுதி சுற்றிக்கொண்டிருக்கிறது: “ஸ்டெம் செல் போட்டா ஈரல் புதுசாயிடும்.”

இந்த வாக்குறுதிக்குப் பின்னால் அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் எங்கே நம்பலாம், எங்கே நிற்கலாம் என்று புரியும்.

ஈரல் தானாக வளரும் உறுப்பு. 1931இல் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இருவர் எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்துக் காட்டினார்கள். சில வாரங்களிலேயே ஈரல் பழைய எடைக்கு வந்துவிட்டது. 1969இல் பெர்ரியும் ஃபிரெண்டும் ஒரு நொதியைச் செலுத்தி, ஈரலை உயிருள்ள தனித்தனி செல்களாகப் பிரிக்கும் வழியைக் கண்டார்கள். அதோடு ஈரல் செல் கையில் அள்ளக்கூடிய விதை மாதிரி ஆகிவிட்டது. 1976இல் ஆர்தர் மாட்டாஸ் குழு, பிறவியிலேயே மஞ்சள் காமாலை உள்ள ‘கன்’ எலிகளுக்கு நல்ல ஈரல் செல்களைச் செலுத்தியது. காமாலை குறைந்தது.

மனிதர்களிடம் முதலில் முயன்றவர்கள் ஜப்பானியர்கள். சிரோசிஸ் நோயாளியின் ஈரலில் ஒரு துண்டை எடுத்து, செல்களைப் பிரித்து, அவருடைய மண்ணீரலுக்குள்ளேயே செலுத்தினார் மிட்டோ. 1992இல் அது வெளியானது. செல்கள் அங்கே தங்கின. ஆனால் நோயாளிக்குத் தெளிவான பலன் கிடைத்ததாகச் சொல்ல முடியவில்லை.

அடுத்த அத்தியாயம் நம் பக்கத்தில், ஹைதராபாத்தில். டெக்கான் மருத்துவக் கல்லூரியில் சி.எம். ஹபிபுல்லா குழு, ஈரல் திடீரெனச் செயலிழந்த 7 பேரின் வயிற்றுக்குழிக்குள் மனிதக் கருவின் ஈரல் செல்களைச் செலுத்தியது. 1994இல் கட்டுரை வந்தது. இந்தியாவில் ஈரல் மாற்று அறுவை முதன்முதலில் வெற்றியடைந்ததே 1998இல், காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்கு, டெல்லியில். அதற்கு நான்கு வருஷம் முன்னால் நடந்தது இது. மாற்று ஈரலுக்கு வழியில்லாத நாட்டில், சாகக் கிடப்பவரை ஈரல் மீளும்வரை தாங்கிப் பிடிக்க ஒரு வழி தேடினார்கள். 7 பேரை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் இருந்த இல்லாமையை மறந்துவிடக் கூடாது.

1998இல் அமெரிக்காவில் ஐரா ஃபாக்ஸ் குழு, கன் எலிகளுக்கு உள்ள அதே குறையோடு பிறந்த 10 வயதுச் சிறுமிக்கு 750 கோடி ஈரல் செல்களைக் கொடுத்தது. காமாலை ஓரளவு குறைந்தது. முழுசாகப் போகவில்லை, பின்னாளில் அவளுக்கு ஈரல் மாற்று தேவைப்பட்டது.

நடுவில் எலும்பு மஜ்ஜை மேல் பெரிய ஆசை பிறந்தது. மஜ்ஜை செல்லே ஈரல் செல்லாக மாறும் என்று 2000ஆம் ஆண்டு வாக்கில் ஆய்வுகள் வந்தன. 2003இல் அந்த ஆசைக்கு அடி விழுந்தது: எலிகளில் பார்த்தபோது அவை பெரும்பாலும் மாறவில்லை, இருக்கிற ஈரல் செல்லோடு ஒட்டி ஒன்றாகியிருந்தன. 2006இல் ஜப்பானின் தெராய் குழு 9 சிரோசிஸ் நோயாளிகளுக்கு அவரவர் மஜ்ஜை செல்லைக் கொடுத்து முன்னேற்றம் கண்டது. அங்கே ஒப்பிட்டுப் பார்க்க சிகிச்சை பெறாத குழு இல்லை. பிரிட்டனில் 81 பேரிடம் ஒப்பீட்டுக் குழுவோடு நடந்த சோதனை 2018இல் வெளியானபோது, ஈரலின் செயல்பாடு மேம்படவில்லை என்று தெரிந்தது. இப்போது எடின்பரோவில் ஸ்டூவர்ட் ஃபோர்ப்ஸ் குழு வேறு கோணத்தில் போகிறது: புது ஈரல் செல்லை நடாமல், தழும்பைக் கரைக்கும் ரத்த அணுக்களை அனுப்புகிறது. 2019இல் 9 பேரிடம் பார்த்ததில் அது பாதுகாப்பாக இருந்தது.

அந்தச் சிறுமிக்கு ஓரளவு நடந்தது, சிரோசிஸ்காரருக்கு ஏன் நடக்கவில்லை? சிறுமியின் ஈரலில் ஒரே ஒரு நொதி இல்லை. மற்றபடி மண் நல்ல மண். கொழுப்பு முற்றிய ஈரலில் விதைக்குப் பஞ்சம் இல்லை, மண்தான் கெட்டிருக்கிறது. சர்க்கரையும் கொழுப்பும் அழற்சியும் பழைய செல்லைக் கொன்ற அதே இடத்தில்தான் புதுச் செல்லும் இறங்குகிறது. இன்னொரு சங்கடமும் உண்டு. செல் எடுக்க ஆய்வகத்துக்குக் கிடைப்பது, மாற்று அறுவைக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கிய தான ஈரல். அப்படி ஒதுக்குவதற்கு ஒரு முக்கியக் காரணமே அதிலுள்ள கொழுப்பு. நோய் விதைநெல்லையும் தின்கிறது.

இதற்கு நேர்மாறான கதை வேலூரில் இருக்கிறது. 1986 முதல் மஜ்ஜை மாற்று செய்துவரும் சி.எம்.சி.யில், அலோக் ஸ்ரீவாஸ்தவா குழு ஹீமோஃபிலியா உள்ள 5 பேரின் ரத்த ஸ்டெம் செல்லை எடுத்து, ரத்தம் உறைய வேண்டிய எட்டாம் காரணியின் மரபணுவை ஏற்றித் திருப்பிக் கொடுத்தது. 2024 டிசம்பரில் முடிவு வெளியானது. கண்காணித்த காலத்தில் ரத்தக்கசிவு நின்றிருந்தது. அந்தக் காரணியை இயல்பாகச் செய்வது ஈரல்தான். ஈரலின் வேலையை ரத்த அணுவுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். செல்லைத் திருப்பிக் கொடுக்கும் முன் மருந்து கொடுத்து மஜ்ஜையில் இடம் ஒழித்தார்கள். ஈரலில் அது முடியாது. களை எடுக்கிறேன் என்று ஈரலைச் சுரண்டினால் ஆளே இருக்க மாட்டார்.

வேலூருக்குத் தெற்கே ஜவ்வாது மலை. அங்கே சாமை விதைக்கிறவர்களுக்கு மண்ணைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த மலைத்தொடரின் அல்லேரியில் 2023 மே மாதம் பாம்பு கடித்த ஒரு குழந்தை இறந்தது. சாலை இல்லாததால் உடலைத் தூக்கிக்கொண்டு தாய் நடந்தாள். உலகத்தரமான செல் ஆய்வகம் ஒரே மாவட்டத்தில். அன்றைக்கு ஆம்புலன்ஸ் ஏறாத ஊரும் அதே மாவட்டத்தில். ரேஷன் அரிசி மட்டும் மலையேறி ரொம்ப நாளாச்சு. “மலை ஜனங்க ஒல்லியா இருக்காங்க, அவங்களுக்கு எங்க ஃபேட்டி லிவர்?” என்று கேட்கலாம். மேற்கு வங்கக் கிராமங்களில் நடந்த 2010 ஆய்வில் 8.7 சதவீதம் பேருக்கு இது இருந்தது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் பருமன் இல்லாதவர்கள்.

மண்ணைத் திருத்தும் வழி பழசுதான். கியூபாவில் 293 பேரை ஒரு வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு 2015இல் வந்தது. உடல் எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு ஈரல் அழற்சி நோய் நீங்கியது. 45 சதவீதம் பேருக்குத் தழும்பும் குறைந்தது. வெளியிலிருந்து ஒரு செல் போகவில்லை.

செல் சிகிச்சை வராது என்று சொல்லவில்லை, வரலாம். ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017 நெறிமுறைப்படி, ரத்த நோய்களுக்கான மாற்றைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகள் சோதனை நிலையில்தான் இருக்கின்றன. அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே கொடுக்கலாம், கடைச்சரக்காக விற்கக் கூடாது. ஈரலைப் புதுசாக்குகிறேன் என்று யாராவது பேக்கேஜ் விலை சொன்னால், ஆய்வின் சி.டி.ஆர்.ஐ. பதிவு எண்ணைக் கேளுங்கள். இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். எண் வராமல் பேச்சு வேறு பக்கம் போனால், ஈரக்குலை நடுங்க வேண்டிய இடம் அதுதான்.