அஸ்காட் கிராமத்துப் பதினாறு பெண்கள்

அஸ்காட்-அண்டர்-விச்வுட் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில், ஈவன்லோட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள சிற்றூர். விக்டோரியா அரசி காலத்தில் இவ்வூரார் பலர் விவசாயக் கூலிகள். பெருநிலக்கிழார்களின் நிலத்தைப் பண்ணையார்கள் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டனர். கூலிகளுக்கு நிலமும் இல்லை, வாக்குரிமையும் இல்லை.

அக்கால ஆங்கிலக் கிராமத்தைப் புரிந்துகொள்ள ‘பங்கு’ என்னும் அமைப்பை அறிய வேண்டும். ஒரு தேவாலயமும் அதற்கு உட்பட்ட ஊர்ப்பகுதியும் சேர்ந்ததே பங்கு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றும் பங்குப் பாதிரியாரின் பதிவேட்டில் ஏறும். அதோடு நிற்கவில்லை. நாட்டுப்புறங்களில் பாதிரிமார் பலர் ஊதியமில்லா நீதிபதிகளாகவும் இருந்தனர். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்தவரே வாரநாளில் தண்டனையும் விதிக்கலாம்!

1872இல் ஜோசப் ஆர்ச் தலைமையில் தேசிய விவசாயத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. ஆர்ச், உயிர்வேலி வெட்டுவதில் பெயர்பெற்ற தொழிலாளி, மெதடிஸ்ட் பிரசங்கியார். மறு ஆண்டே அஸ்காட்டில் ஹாம்பிட்ஜ் என்ற பண்ணையாரிடம் வேலை செய்த சங்கத்தினர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர் பக்கத்து ஊரான ராம்ஸ்டனிலிருந்து இரண்டு இளைஞர்களை வேலைக்கு வரவழைத்தார். 1873 மே 12 அன்று ஊர்ப் பெண்கள் அவர்களை வழிமறித்தனர். தடிகளுடன் வந்து மிரட்டினார்கள் என்பது வழக்கு. வேலைக்குப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொண்டதாகவே பெண்கள் தரப்பில் கூறப்பட்டது.

சிப்பிங் நார்ட்டனில் வழக்கை விசாரித்த நீதிபதிகள் இருவரும் பாதிரியார்கள். 1871ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டப்படி 16 பெண்களுக்குக் கடுங்காவல் விதித்தனர்: 7 பேருக்குப் பத்து நாள், 9 பேருக்கு ஏழு நாள். இருவர் கைக்குழந்தையோடு சிறை சென்றனர். பிராட்லி, மாஸ் குடும்பங்களைச் சேர்ந்தவர்களே இப்பதினாறு பேரில் அதிகம். ஆகவே சில வீடுகளில் அடுப்பு மூட்டக்கூட ஆள் இருந்திராது. அன்று மாலை கூட்டம் திரண்டு காவல் நிலைய ஜன்னல்களை உடைத்தது. இரவோடிரவாகக் குதிரைவண்டியில் அவர்களை ஆக்ஸ்போர்டு சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

செய்தி நாடெங்கும் பரவியது. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. பாதிரிமார் நீதிபதிகளாக இருப்பது தகுமா என்று பத்திரிகைகள் விவாதித்தன. விடுதலையான பெண்களுக்குச் சங்கத்தின் சார்பில் தலைக்கு 5 பவுன் வழங்கப்பட்டது. அரசி ஆளுக்கொரு சிவப்பு ஃபிளானல் உள்பாவாடை அனுப்பினார் என்பது ஊரார் சொல்லும் கதை. அதை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை.

1871ஆம் ஆண்டுச் சட்டம் 1875இல் நீக்கப்பட்டது. 1884ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாட்டுப்புறக் கூலி ஆண்கள் பலர் வாக்குரிமை பெற்றனர். நாடாளுமன்றத் தேர்தலில் பெண்கள் வாக்களிக்க 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பதினாறு பேர் நினைவாக ஊர்ப் பொதுவெளியில் ஒரு மரத்தைச் சுற்றி எண்கோண இருக்கை அமைத்திருக்கிறார்கள்.