மணிக்கூடு யாருடையது?

எனது வாப்பா அச்சகமொன்றில் எழுத்துக் கோப்பவராக இருந்தவர். வேலை முடியும் நேரத்தை அறிய அச்சகச் சுவரிலிருந்த மணிக்கூட்டை அவர் பார்ப்பதில்லை. யன்னலால் எட்டி, சந்தியிலிருந்த மணிக்கூட்டுக் கோபுரத்தையே பார்ப்பார். "முதலாளிட மணிக்கூடு பின்னேரத்தில மெதுவாத்தான் ஓடும் மகன்" என்பார். பகிடியென்றே நினைத்திருந்தேன். இங்கிலாந்தின் தொழிற்சாலைச் சட்டங்களின் வரலாற்றைப் படித்தபோதுதான் அது பழையதொரு வழக்கு என்பது விளங்கியது.

1830 ஒக்டோபரில், நிலப்பிரபு ஒருவரின் காரியஸ்தரான ரிச்சர்ட் ஓஸ்ட்லர் 'லீட்ஸ் மேர்க்குரி' பத்திரிகையில் ஒரு கடிதம் எழுதினார். கடல் கடந்த அடிமை முறையை எதிர்ப்போர், தம் ஊர் ஆலைகளில் வதைபடும் சிறுவரைக் காணவில்லையா என்பதே அவரது கேள்வி. தொழிலாளர் ஊரூராகக் குழுக்கள் அமைத்து, பத்து மணி நேர வேலைநாளைக் கோரினர். 1832இல் மைக்கல் சட்லர் தலைமையிலான பாராளுமன்றக் குழுவின் முன் எலிசபெத் பென்ட்லி என்ற பெண் சாட்சியமளித்தார். ஆறு வயதில் ஆலைக்குச் சென்றவர் அவர். வேலை மிகுந்த நாட்களில் காலை 5 மணி முதல் இரவு 9 மணி வரை உழைத்தவர்.

1833ஆம் ஆண்டுச் சட்டம், பட்டாலைகள் தவிர்ந்த துணியாலைகளில் 9 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடுத்தது. மேற்பார்வைக்கு நால்வரே பரிசோதகர்கள். பிறப்புப் பதிவோ 1837இல்தான் தொடங்கியது. அதுவரை பிள்ளையின் தோற்றத்தைப் பார்த்தே வைத்தியர் வயதைச் சொன்னார். ஆலை மணிக்கூடுகள் காலையில் முந்துவதும் மாலையில் பிந்துவதும் தொழிலாளரின் நீண்டகால முறைப்பாடு. வேலை நேரம் பொது மணிக்கூட்டின்படியே கணிக்கப்பட வேண்டுமென 1844ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது.

1847இல், தானே ஆலை முதலாளியான ஜோன் ஃபீல்டனின் முயற்சியால் பெண்களுக்கும் இளைஞருக்கும் பத்து மணி நேரச் சட்டம் நிறைவேறியது. முதலாளிமார் வேறொரு வழி கண்டனர். தொழிலாளரை இடையிடையே வெளியே அனுப்பி, மீண்டும் அழைத்து, நாள் முழுவதும் ஆலையைச் சுற்றியே வைத்திருந்தனர். 1850இல் நீதிமன்றமும் அதைச் சரியென்றது. அவ்வாண்டே வந்த புதிய சட்டம் வேலை தொடங்கும், முடியும் நேரங்களை வரையறுத்தது. சனிக்கிழமை பிற்பகல் 2 மணியுடன் வேலை முடிந்தது. ஆனால் வாரத்துக்கு 58 மணி நேரம் 60 ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரம் ஒரு சமரசத்தின் விலை.

சீர்திருத்தவாதிகள் பாராளுமன்றத்தில் வழக்காடினார்கள். ஆனால் ஒவ்வொரு சட்டத்திலும் எங்கே ஓட்டை விழுந்தது என்பதை முதலில் உணர்ந்தவர்கள் ஆலைக்குள் நின்றவர்களே. அவர்கள் விடாமல் முறையிட்டதால்தான் அடுத்த சட்டம் வந்தது.

வாப்பா இந்த வரலாற்றைப் படித்தவரல்லர். ஆயினும் எந்த மணிக்கூட்டைப் பார்ப்பது என்பதை அறிந்திருந்தார்.